மல்லாவியிலிருந்து வவுனியாவுக்கு, திமோர் வழியாக

போன மாதம் வவுனியாவில் அமெச்சூர் வானொலி பழகுகிற இளம் ஆட்கள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் முதல் தூரத் தொடர்பைச் சொன்னார்கள். ஒருத்தி இத்தாலி என்றாள். இன்னொருவர் யப்பான் என்றார். ஒவ்வொரு நாட்டுக்கும் கைதட்டல். கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஐயா, உங்கட முதல் தூரம் எது?"

"வவுனியா," என்றேன்.

"எங்க இருந்து ஐயா?"

"மல்லாவியில இருந்து."

மண்டபம் சிரித்தது. மல்லாவிக்கும் வவுனியாவுக்கும் நாற்பத்துச் சொச்சம் மைல். பஸ்ஸில் ஒரு நித்திரை கொண்டு எழும்பினால் வந்துவிடும். அந்த நாற்பது மைலைக் கடக்க என் செய்தி எந்த நாட்டைச் சுற்றிப் போனது என்று சொல்லத் தொடங்க முதலே தேத்தண்ணியும் வடையும் வந்துவிட்டன. வடைக்கு முன்னால் எந்தக் கதை எடுபடும்? ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். முழுதாக எழுதினால் நான் விட்ட பிழையும் சேர்ந்துதான் வரும். வரட்டும். எழுபது தாண்டியவனுக்கு இனி என்ன வெட்கம்.

நான் தபால் கந்தோரில் தந்தி அடித்தவன். தொண்ணூறில் சண்டையில் தந்திக் கம்பி அறுந்தது, அதோடு என் வேலையும் போனது. பிறகு பன்னிரண்டு வருசம் தோட்டம், இடம்பெயர்வு, மறுபடி தோட்டம். எல்லாரும் பட்டதுதான், அதை விடுவோம். 'தந்தியர்' என்ற பட்டப்பெயர் மட்டும் என்னோடு கூட வந்தது. 2002இல் சண்டை நின்று பாதை திறந்தபோது வெளிநாட்டு நிவாரண நிறுவனம் ஒன்று மல்லாவி ஆஸ்பத்திரி வளவுக்குள் ஒரு வானொலி அறை போட விரும்பியது. ரெலிபோன் இல்லாத ஊர். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த, காதில் பழுதில்லாத ஆள் தேடினார்கள். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு மறுபடியும் வேலை கிடைத்தது.

இரண்டு கிழமைப் பயிற்சி வவுனியாவில். அங்கே வானொலி அறைக்குப் பொறுப்பு மிஸ் ஜெசிந்தா. முப்பத்தொரு வயது. என் மூத்த மகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட. முதல் நாள் வாய் தவறி "ஓம் தங்கச்சி" என்றுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. பேனையை மேசையில் வைத்தார், மூடியைப் போட்டார், ஜன்னலைப் பார்த்தார். நான் "ஓம் மிஸ்" என்ற பிறகுதான் மூடி கழன்றது.

அவருடைய முறை எப்போதும் ஒன்றுதான். செய்தியை முதலில் கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். சொற்களை எண்ணித் தலைப்பில் போடவேண்டும். அதற்குப் பிறகுதான் மைக்கைத் தொடலாம். ஐந்தைந்து சொல்லாக வாசிக்கவேண்டும். கேட்பவர் அதைத் திருப்பி வாசிக்கும்வரை அடுத்த ஐந்துக்குப் போகக்கூடாது. ஊர்ப்பெயர் வந்தால் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல்லாகச் சொல்லவேண்டும்: ஏ என்றால் அல்பா, ஓ என்றால் ஒஸ்கார். "ஹலோ" தடை. தமிழும் தடை. இராணுவம், இயக்கம் என்று இரண்டு தரப்பும் அலைவரிசையைக் காதில் வைத்திருந்த காலம் அது. விளங்காத பேச்சு என்றால் உடனே சந்தேகம் வரும். நான் ஒரு சொல்லை விழுங்கினால் அவர் கத்தமாட்டார். சிவப்புப் பேனையால் என் தாளில் ஒரு சிறிய வட்டம் போட்டுவிட்டு, "திரும்ப" என்பார். ஒருநாள் பதினேழு தரம் "திரும்ப". தபால் கந்தோரில் பதினைந்து வருசம் தந்தி அடித்தவனுக்கு இதெல்லாம் அரிவரி என்று உள்ளுக்குள் புகைந்தேன்.

பெட்டி, சூரியத் தகடு, கார் பற்றறி, இரண்டு சுருள் கம்பி எல்லாம் வெள்ளை வாகனத்தில் மல்லாவிக்கு வந்தன. பூட்டித்தர வரவேண்டிய கொழும்புக்காரருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவருக்குப் பதிலாக மிஸ் ஜெசிந்தாவின் கையெழுத்தில் ஒரு தாள் வந்தது. அன்ரனாக் கம்பியை வடக்குத் தெற்காக இழுத்து, நிலத்திலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில் கட்டவும் என்று இருந்தது.

பன்னிரண்டு அடி! அதைவிட உயரத்திலே எங்கள் வீட்டில் புடலங்காய் தொங்கும்.

அங்கேதான் கனகன் வருகிறான். ஆஸ்பத்திரித் தொழிலாளி, மரம் ஏறுவதில் சூரன், என்னைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அன்ரனா என்றால் ஒரே ஒரு வேதம்தான்: உயர்த்து. கமுகுக்கு மேல் கமுகு கட்டி, அதற்கு மேல் இரும்புக் குழாய் கட்டி, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டு ரீவியைப் பிடித்த ஆட்கள் நாங்கள். படம் தெளியவில்லையென்றால் இன்னுமொரு குழாய். அப்படிப் பழகிய இரண்டு பேரிடம் பன்னிரண்டு அடி என்றால் என்ன நடக்கும்?

"அண்ணை, உது பிழையா எழுதியிருக்கினம்," என்றான் கனகன். "பன்ரெண்டு மீற்றர் எண்டு எழுத வந்தவா போல."

"மீற்றரா இருந்தாலும் காணாதடாப்பா."

"அதுதானே. இந்த ரெண்டு பனையும் என்னத்துக்கு நிக்குது?"

ஆஸ்பத்திரி வளவில் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்றாக இரண்டு கிழட்டுப் பனைகள். அளந்து நட்டதுபோல் நின்றன. கனகன் அரைமணித்தியாலத்தில் இரண்டின் உச்சி வட்டுக்கும் ஏறி இறங்கினான். அறுபது அடிக்கு மேல் கம்பி வெள்ளிக்கோடாக மினுங்கியது. அவனுடைய மனைவி சுகந்தி, பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள், வேலிக்கு அப்பால் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இனி என்ன, சந்திரனோடதான் கதைக்கலாம்," என்றாள்.

"நக்கலடிக்காதையும். வவுனியா காதுக்குள்ள வந்து விழும் பாரும்," என்றான் அவன்.

வவுனியா விழவில்லை. இரண்டு நாள் காலை, மத்தியானம், பின்னேரம் என்று கூப்பிட்டேன். "விக்டர் பேஸ், விக்டர் பேஸ், இது மைக் பேஸ்." விக்டர் என்றால் வவுனியா, மைக் என்றால் மல்லாவி. பதிலுக்குப் பொரிகிற சத்தம் மட்டும்தான். மூன்றாம் நாள் பொழுதுபடுகிற நேரம், சலித்துப்போய், மனப்பாடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று பெட்டிக்குள் ஓர் ஆண்குரல், பக்கத்துக் கிணற்றடியில் நின்று பேசுவது போலத் தெளிவாக வந்தது.

"மைக் பேஸ், உங்களைக் கேட்கிறேன். இது டெல்ரா பேஸ். நீங்கள் எந்த நாடு?"

ஆங்கிலம்தான், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். எந்த நாடா? நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இலங்கை என்றேன். அவர் கிழக்குத் திமோர் என்றார். பெயர் டொமிங்கோஸ். எங்கள் நிறுவனம் உலகம் முழுக்க ஒரே அலைவரிசைகளைப் பாவித்ததால் அவருடைய அறையும் அதே எண்ணில் காதை வைத்துக்கொண்டிருந்தது. கனகன் ஓடிப்போய் ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கிய உலகப்படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் விரலால் தேடினோம். வங்காள விரிகுடா தாண்டி, சுமத்திரா தாண்டி, யாவா தாண்டி, அவுஸ்திரேலியாவின் தலைமாட்டில் கிடந்தது திமோர். கனகன் விரலை அங்கே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். சொல்லட்டா? அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு வருசம் கம்பி இல்லாமல் இருந்த கை அல்லவா.

அடுத்த நாள் பின்னேரம் ஊரில் பாதி ஜன்னலடியில் நின்றது. மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டு வளர்ந்த சனம், அவர்களுக்குப் பெட்டி ஒன்று பதில் சொல்வது புதினம். டொமிங்கோஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்ற யாரிடமோ தன் மொழியில் எதையோ கேட்டார். அதற்குள் 'கதேரா' என்று ஒரு சொல் வந்தது. கனகன் துள்ளினான்.

"அண்ணை! உவர் கதிரை கேக்கிறார்! எங்கட ஆள்!"

கேட்டுப் பார்த்தேன். உண்மையாகவே கதிரைதான் கேட்டிருக்கிறார். பிறகு ஒரு பண்டமாற்றுத்தான் நடந்தது. நான் மேசை என்றேன், அவர் மெசா என்றார். ஜன்னல், ஜனேலா. குசினி, குசீனா. சப்பாத்து, சப்பாத்து. ஒரே போர்த்துக்கீசர் இரண்டு ஊரிலும் வீட்டுச் சாமானை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜன்னலடியில் நின்ற சனம் ஒவ்வொரு சொல்லுக்கும் சிரித்து வயிற்றைப் பிடித்தது. சுகந்தி பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலைப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் வாகனத்தில் மிஸ் ஜெசிந்தாவின் கடிதம் வந்தது. நான் இன்றைக்கும் வரிக்கு வரி சொல்வேன்: "வவுனியாவுக்கு உங்கள் குரல் கேட்கவில்லை. திமோருக்குக் கேட்கிறது என்று கொழும்பு சொல்கிறது. அப்படியென்றால் உங்கள் கம்பி உயரம். தாழக் கட்டினால் அலை நேரே மேலே போய், குழாயை வானத்துக்குப் பிடித்தால் தண்ணீர் சுற்றிவர விழுவதுபோல, எங்கள் மேலே விழும். உயரக் கட்டினால் எங்கள் தலைக்கு மேலால் பாய்ந்துவிடும். இன்றே பன்னிரண்டு அடிக்கு இறக்கவும். திமோருடன் கதை வேண்டாம்."

விளங்கியது. விளங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இறக்கவில்லை. மாரி தொடங்கிவிட்டது, பனை வழுக்கும் என்று பதில் எழுதினேன். கனகனுக்கு மாரிப் பனை ஒரு பொருட்டா? உண்மை என்னவென்றால் பின்னேரம் ஐந்தரை எப்போது வரும் என்று காலையிலிருந்தே காத்திருந்தேன். வவுனியாச் செய்திகளை வாகனத்தில் கடிதமாக அனுப்பிக்கொண்டேன். இப்படி ஆறு நாள் இழுத்தடித்தேன்.

ஆறாம் நாள் விடிய சுகந்திக்கு வயிற்றுக்குத்து. இஞ்சித் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். பத்து மணிக்கு நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறியிருக்கிறது. மத்தியானம் கண்மடல் இரண்டும் தாமாக விழுந்துவிட்டன. பிறகுதான் பாயைத் தட்டியபோது கீழே எட்டடி விரியன் கிடந்திருக்கிறது. அது கடித்தால் காயமும் தெரியாது, வீக்கமும் இராது. கனகன் அவளை ரக்ரரில் ஏற்றிக்கொண்டு வந்தபோது மூன்றரை மணி. டொக்டர் இருந்த மருந்தை ஏற்றினார். ஆனால் மூச்சு இழுக்கும் தசையும் ஓய்ந்துகொண்டு வந்தது. தொண்டைக்குள் குழாய் விட்டு, றப்பர் பையைக் கையால் அமத்தி அமத்திக் காற்றுக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

டொக்டர் என் அறைக்கு வந்தார். எப்போதும் பகிடியோடு வருகிற மனுசன், அன்று முகத்தில் ஒன்றுமில்லை.

"தந்தியர், வவுனியாவிலதான் மூச்சு மெசின் இருக்கு. கையால அடிச்சு விடியுமட்டும் தாங்கேலாது. ஆயத்தப்படுத்தி வெளிக்கிட்டால் ஏழு மணிக்கு ஓமந்தைச் சோதனைச் சாவடி. ஆனால் பாதை ஐந்தரைக்குப் பூட்டுப்படும். நீங்கள் வவுனியாவுக்குச் சொல்லி ரெண்டு பக்கத்தாலையும் திறப்பிக்கவேணும்."

"சொல்லாமல் போனால்?"

"இருட்டுக்குள்ள அறிவிக்காமல் ரெண்டு காவலுக்கும் நடுவில சூனியப் பிரதேசத்துக்குள்ள வாகனம் விடச் சொல்லுறீங்களோ?"

வவுனியாவைக் கூப்பிட்டேன். விக்டர் பேஸ், விக்டர் பேஸ். பெட்டி பொரிந்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம். பன்னிரண்டு அடியில் கட்டியிருந்தால் ஒரே கூப்பாட்டில் மிஸ் ஜெசிந்தா பதில் சொல்லியிருப்பார். திமோர்க்காரருடன் கதிரை, மேசை சொல்லி விளையாட ஆசைப்பட்டு நான் ஒரு பொம்பிளையின் மூச்சை வைத்து விளையாடியிருக்கிறேன்.

கனகன் வாசலில் நின்றான். மழை அவனில் வடிந்தது.

"அண்ணை, நான் ஏறி அவிழ்த்துவிடுறன்."

வெளியே இடியும் மழையும். இரண்டு பனை. அவிழ்த்துத் தாழக் கட்ட ஒரு மணித்தியாலம் போகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும், விழுந்தால் இரண்டு உயிர்.

"வேண்டாம். நீ போய் அவவுக்குப் பையை அமத்து. நான் வேற வழி பாக்கிறன்."

"என்ன வழி?"

"போடாப்பா, போய் அமத்து!"

மணி ஐந்தாகி ஏழு நிமிடம். வழக்கத்தைவிட முன்நேரம். டெல்ரா பேஸைக் கூப்பிட்டேன். மூன்றாம் கூப்பாட்டில், தூரத்தில், அலை அடித்து வாங்குவது போலப் பெருத்தும் சிறுத்தும் டொமிங்கோஸின் குரல் வந்தது.

"மைக் பேஸ், நண்பரே, உங்கள் கதேரா எப்படி?"

நான் கொட்டினேன். பாம்பு, மூச்சு, பாதை, வவுனியா, பொம்பிளை என்று எல்லாம் ஒன்றாக, பாதி தமிழில். அவர் குறுக்கிடவில்லை. நான் மூச்சு வாங்கியபோது மெதுவாகச் சொன்னார்.

"நண்பரே, முதலில் எழுதுங்கள். பிறகு வாசியுங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்."

அந்த ஊரிலும் ஒரு மிஸ் ஜெசிந்தா இருந்திருக்கவேண்டும். கடதாசியை எடுத்தேன். பெரிய எழுத்து. மல்லாவியிலிருந்து அம்புலன்ஸ் வருகிறது. பெண் நோயாளி, பாம்புக்கடி, கையால் மூச்சுக் கொடுக்கப்படுகிறது. ஓமந்தையில் ஏழு மணி. இரண்டு பக்கமும் அறிவிக்கவும். வவுனியா ஆஸ்பத்திரியில் மெசின் ஆயத்தம் செய்யவும். பதில் உடனே வேண்டும். சொற்களை எண்ணித் தலைப்பில் போட்டேன். எண்ணி முடிந்தபோது ஆங்கிலம் திரும்பி வந்திருந்தது.

ஐந்தைந்து சொல்லாக வாசித்தேன். அவர் திருப்பி வாசித்தார். ஓமந்தை வந்தபோது அலை விழுந்துவிட்டது.

"ஊர்ப்பெயர் திரும்ப."

"ஒஸ்கார், மைக், அல்பா, நவம்பர், ரங்கோ, ஹொட்டேல், அல்பா, இந்தியா."

"ஒஸ்கார், மைக், அல்பா... பிறகு இல்லை. திரும்ப."

மழைக்கு மேலால் தொண்டை கிழியக் கத்தினேன். அவரும் கத்தினார். மூன்றாம் தரம் எட்டு எழுத்தும் எட்டாகத் திரும்பி வந்தன.

"செய்தி கையில். எங்களிடம் செய்மதித் தொலைபேசி இருக்கிறது. கொழும்புக்கு எடுக்கிறேன். இந்த இடத்தை விட்டு அசையாதீர்கள்."

அசையவில்லை. வெளியே அம்புலன்ஸ் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. பதில் இல்லாமல் விடமாட்டேன், ஆறு மணி தாண்டினால் விடுவதில் பயனுமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் கும்பிட்ட தெய்வங்களின் பட்டியலைச் சொன்னால் சிரிப்பீர்கள். வற்றாப்பளை அம்மனிலிருந்து மடுமாதா வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. என் அறைக்கு அடுத்த வாட்டில், சுவரோடு சேர்ந்த முதல் கட்டில் சுகந்தியுடையது. அரைச்சுவர்தான். றப்பர் பை அமுங்குகிற சத்தம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய மாமியார் தலையிலடித்து ஒப்பாரியே தொடங்கிவிட்டார்.

ஐந்து முப்பத்தெட்டுக்குப் பெட்டி திறந்தது.

"மைக் பேஸ், எழுதுங்கள். செய்தி கொழும்பிடம் இருக்கிறது. வவுனியாவிடம் இருக்கிறது. வவுனியா சொல்கிறது: இரண்டு பக்கமும் அறிவித்தாயிற்று. பாதை திறக்கும். வாகனத்தின் உள்விளக்கு எரியட்டும், முன்விளக்கைத் தாழ்த்தவும், மெதுவாக வரவும். மெசின் ஆயத்தம். திருப்பி வாசியுங்கள்."

திருப்பி வாசித்தேன். வாசித்து முடிய முதல் டொக்டர் ஓடிவிட்டார். அம்புலன்ஸ் உள்விளக்கோடு படலையைத் தாண்டியது. பின்கண்ணாடியில் கனகன் குனிந்திருந்து பையை அமத்துவது தெரிந்தது. நாற்பது மைலுக்கான செய்தி, சமுத்திரத்துக்கு அப்பால் போய்த் திரும்பி வந்து, அரைமணித்தியாலத்துக்குள் பதிலும் கொண்டுவந்துவிட்டது.

விடிந்ததும் வேறொரு ஆளைப் பிடித்துக் கம்பியை இறக்கினேன். நானே நாடாப் பிடித்து அளந்தேன். பன்னிரண்டு அடி, ஒரு அங்குலம் கூடவுமில்லை, குறையவுமில்லை. வந்து "விக்டர் பேஸ்" என்றதும் மிஸ் ஜெசிந்தாவின் குரல் அறையை நிறைத்தது.

"மைக் பேஸ், நோயாளி மெசினில். உயிரோடு இருக்கிறார்."

"மிஸ், பிழை என்னுடையது. கடிதம் வந்த அன்றே இறக்கியிருக்கவேண்டும். மழை என்று நான் எழுதியது பொய்."

அவர் பேனைக்கு மூடி போடுவதை நான் மனக்கண்ணால் கண்டேன்.

"அதைக் கடதாசியில் எழுதி அனுப்புங்கள்," என்றார்.

எழுதி அனுப்பினேன். எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. ஊரில் இன்றைக்கும், கம்பி உயரத்தில் இருந்தபடியால்தான் சுகந்தி தப்பினாள் என்று கதை சொல்கிறார்கள். கனகனும் அப்படித்தான் சொல்வான். இளம் ஆட்களே, அது கதை. தாழ இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. என்னைக் காப்பாற்றியது திமோரில் இருந்த ஒரு மனுசனின் பொறுமை.

மூன்றாம் கிழமை சுகந்தி வீட்டுக்கு வந்தாள். மெலிந்து, தொண்டை கம்மி, ஆனால் நடந்து வந்தாள். ஊர் பொங்கல் பொங்கியது. எனக்குத்தான் ஒரு மனக்குறை. தாழ்ந்த கம்பியில் பின்னேரங்களில் டொமிங்கோஸின் குரல் மெல்லிசாக வரும். "மைக் பேஸ், நோயாளி எப்படி? மைக் பேஸ், நோயாளி எப்படி?" நான் கத்தும் பதில் அவருக்குப் போய்ச் சேரவில்லை. கொழும்பு மூலம் செய்தி போயிருக்கும் என்று எண்ணினேன். அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

தயங்கித் தயங்கி மிஸ் ஜெசிந்தாவிடம் கேட்டேன். ஒரே ஒரு பின்னேரம் கம்பியை உயர்த்த அனுமதி.

"எத்தனை நிமிடம்?"

"பதினைந்து, மிஸ்."

"பத்து. மரத்தில் கனகன் ஏறட்டும். நீங்கள் ஏறவேண்டாம்."

சொன்ன நாளன்று வெள்ளை வாகனத்தில் அவரே வந்து இறங்கினார். கையில் பதிவுப் புத்தகம். விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றார். சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார்.

பொழுதுபட்டதும் டெல்ரா பேஸ் கிணற்றடிக் குரலாக வந்தது. நோயாளி பக்கத்தில் இருக்கிறார், பேசுவார் என்றேன். மைக்கைச் சுகந்தியிடம் நீட்டினேன். அவள் மிஸ் ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"மிஸ், தமிழில கதைக்கலாமோ?"

மிஸ் ஜெசிந்தா பதிவுப் புத்தகத்தை மூடினார். "கதையுங்கோ," என்றார். அலைவரிசையில் தமிழுக்கு அவர் கொடுத்த முதல் அனுமதி அதுதான்.

"அண்ணை, நான் சுகந்தி," என்று அவள் தொடங்கினாள். நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன். "நான் அறிவில்லாமல் கிடந்தனான் எண்டு எல்லாரும் நினைச்சவை. எனக்கு அறிவு இருந்தது. கண்ணைத் திறக்கேலாது, விரலை அசைக்கேலாது, ஆனால் எல்லாம் கேட்டது. மாமி ஒப்பாரி வைச்சது கேட்டது. மாமி, நான் இஞ்சதான் இருக்கிறன் எண்டு சொல்ல வாய் வரேல்லை. அப்பதான் சுவருக்கு அங்கால தந்தியர் கத்தினது கேட்டது. பிறகு பெட்டிக்குள்ள நீங்கள் ஒவ்வொரு எழுத்தாத் திருப்பிச் சொன்னது கேட்டது. இவ்வளவு தூரத்தில ஒராள் எனக்காக எழுத்துக்கூட்டுறார் எண்டு விளங்கிச்சு. நானும் உள்ளுக்குள்ள உங்களோட சேர்ந்து சொன்னனான். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்வரைக்கும் நான் சாகேல்லை எண்டு எனக்குத் தெரிஞ்சது. ஓமந்தை வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு போனனான்."

கனகனுக்கு இது தெரியாது. அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். நான் மொழிபெயர்ப்பைப் பாதியில் விட்டுவிட்டேன். மிஸ் ஜெசிந்தாதான் குனிந்து, மீதியை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்.

அலை போய்விட்டதோ என்று பெட்டியில் கை வைத்தேன். சுகந்தி மறுபடி மைக்கை அமத்தினாள். ஒருவரும் அவளுக்குப் படிப்பித்ததில்லை.

"ஒஸ்கார், மைக், அல்பா, நவம்பர், ரங்கோ, ஹொட்டேல், அல்பா, இந்தியா," என்றாள்.

டொமிங்கோஸின் குரல் வந்தது. அழுகிற மனுசனின் குரல். "மிகத் தெளிவாகக் கேட்டது. ஒரு எழுத்தும் விடுபடவில்லை. இருந்தாலும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்கள்."

பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. சுகந்தி இன்னொரு தரம் சொன்னாள்.